முதுகைத் திருப்பினால் படம் உடைகிறதா? விஆர் ஹெட்செட்டின் இருப்பிடத்தை வைத்து வைஃபையைச் சரிசெய்த பதிவு

குவெஸ்ட் 2 என்ற விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டை வயர் இல்லாமல் பிசியோடு இணைத்து ஓட்டும்போது, அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் உடையாமல் வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். இப்போது வருகிறது. அதற்காகப் புது ரௌட்டர் எதுவும் வாங்கவில்லை. ஹெட்செட் தான் எங்கே இருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், பிசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தகவலை வைஃபைக்கும் பயன்படுத்திக்கொண்டேன். நடுவில் வேலைக்கு ஆகாத சில வழிகளிலும் போய்வந்தேன். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அதே வழிகள்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும்.

முதலில் என்னிடம் இருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அறை 12-க்கு 11 அடி, கான்கிரீட் கூரை 10 அடி உயரம். ஒரு சுவரோரம் இரும்பு பீரோ, இன்னொரு சுவரில் ஜன்னல், நடுவில் சீலிங் ஃபேன். நின்று விளையாடும் இடம் இரண்டரை மீட்டர் சதுரம். பிசி பக்கத்து அறையில் இருக்கிறது. அங்கிருந்து கேட் 6 வயர் இழுத்து, 7 அடி உயரத்தில் இருக்கும் லாஃப்டின் மூலையில் ரௌட்டரை வைத்திருந்தேன். நான்கு ஆன்டெனா உள்ள வைஃபை 6 ரௌட்டர், அதில் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். பிசியிலிருந்து படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்புவது ஏஎல்விஆர் என்ற மென்பொருள். அது ஓப்பன் சோர்ஸாக இல்லாமல் போயிருந்தால் இந்த வேலையின் கடைசிப் பகுதியைச் செய்திருக்கவே முடியாது.

ரௌட்டரைப் பார்த்து நிற்கும்வரை ஒரு குறையும் இல்லை. பின்னால் வரும் எதிரியைப் பார்க்கச் சட்டென்று திரும்பினால் படம் கட்டம் கட்டமாக உடையும், அரை விநாடி உறையும். வயிறு புரட்டுவது அந்த அரை விநாடியில்தான்.

இது ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். நான் ஓட்டுவது 72 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 72 ஃப்ரேம்), 150 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 150 மெகாபிட்). ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 260 கிலோபைட் வருகிறது. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு ஆன்டெனா ஹெட்செட்டுக்கு அதிகபட்ச லிங்க் வேகம் 1201 எம்பிபிஎஸ். அதில் நிஜமாகக் கிடைப்பது 800 என்று வைத்தால், ஒரு ஃப்ரேம் போய்ச்சேர 2.6 மில்லிசெகண்ட் போதும். சிக்னல் இறங்கி லிங்க் வேகம் 288 ஆனால் நிஜத்தில் 180 கிடைக்கும். அப்போது அதே ஃப்ரேம் போக 11.6 மில்லிசெகண்ட். அடுத்த ஃப்ரேம் வர 13.9 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது. நடுவில் நாலு பாக்கெட் (தரவுத் துண்டு) மறுபடி அனுப்ப வேண்டியிருந்தால் கதை முடிந்தது. ஸ்பீட் டெஸ்டில் 180 என்று காட்டினால் நமக்கு ஏராளமாகத் தெரியும். விஆருக்கு அது விளிம்பு.

சரி, எங்கே நின்றால், எந்தப் பக்கம் பார்த்தால் இறங்குகிறது? அதைத்தான் முதலில் அளந்தேன்.

லாக் (அளவுப் பதிவு) எடுத்தது

ஹெட்செட் தன் நான்கு கேமராக்களை வைத்தே அறையில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அது ஏஎல்விஆர் வழியாக, பிசியில் விஆர் விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம்விஆருக்கு வந்துவிடும். பைத்தானில் ஓப்பன்விஆர் நூலகத்தை வைத்துக் கேட்டால் 3-க்கு 4 கட்டமாக 12 எண்கள் கிடைக்கும். கடைசி நிரல் எக்ஸ், ஒய், இசட் இடம், மீட்டரில். மீதி ஒன்பதும் திசை. அதிலிருந்து தலை இடவலமாக எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற யா கோணத்தை எடுத்துக்கொண்டேன். கோண வேகமும் தனியாக வருகிறது, அது பின்னால் தேவைப்பட்டது.

ரௌட்டர் பக்கம், இணைந்திருக்கும் கருவியின் நிலையைச் சொல்லும் ‘ஐடபிள்யூ ஸ்டேஷன் டம்ப்’ கட்டளையை விநாடிக்கு 10 முறை ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட். சிக்னல், லிங்க் வேகம், மறுபடி அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் யுடிபி-யில் (நெட்வொர்க்கில் தாமதமின்றி அனுப்பும் முறை) பிசிக்குத் தள்ளும். பிசியில் வந்துசேர்ந்த நேரத்தையே முத்திரையாகப் போட்டுக்கொண்டேன். இரண்டு கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் தலைவலி அதோடு போனது. ரௌட்டர் சொல்லும் சிக்னல், ஹெட்செட்டிலிருந்து ரௌட்டருக்கு வருவது. நமக்கு வேண்டியது எதிர்த்திசை. ஆனால் வழி ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே கட்டிப்போட வேண்டும். விளையாட்டில் ரீசென்டர் (நடுவைப் புதிதாக அமைக்கும்) பட்டனை அழுத்தினால் ஆயங்கள் எல்லாம் சுழன்றுவிடும், நேற்று எடுத்த வரைபடம் இன்று பொருந்தாது. தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு ‘எல்’ வடிவம் ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் ஹெட்செட்டை அந்த மூலையில், ஜன்னலைப் பார்க்க வைத்து ஒரு கீயை அழுத்தினால், ஸ்கிரிப்ட் அங்கிருந்து கணக்கைத் தொடங்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிசகு வந்தாலும் இந்த வேலைக்குப் பரவாயில்லை.

தரையை 25 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தேன், 10-க்கு 10. ஒவ்வொரு கட்டத்துக்கும் 45 டிகிரி வீதம் 8 திசை. மொத்தம் 800 பெட்டி. ஒரு கட்டத்தில் நின்று மெதுவாக ஒரு சுற்று சுற்ற வேண்டும், அப்புறம் அடுத்த கட்டம். பொறுமை வேண்டும், பேட்டரியும் வேண்டும். லிங்க் வேகம் 432-க்குக் கீழே போன பெட்டியையோ, ஐந்தில் ஒரு பாக்கெட்டுக்கு மேல் மறுபடி அனுப்ப வேண்டியிருந்த பெட்டியையோ ‘மோசம்’ என்று சிவப்பில் போட்டேன்.

வரைபடம் சொன்னது

அறையின் ஏதாவது ஒரு மூலை சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எல்லாக் கட்டத்திலும் சில திசை சிவப்பு, மீதி பச்சை. இடத்தைவிடத் திசைதான் முக்கியம். ரௌட்டரைப் பார்க்கும்போது மைனஸ் 48 டிபிஎம் (சிக்னலின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது), முதுகைக் காட்டினால் அதே கட்டத்தில் மைனஸ் 64, 65. டெசிபல் கணக்கில் 10 குறைந்தாலே சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். இங்கே 16. தடுப்பது வேறு எதுவும் இல்லை, என் தலையும் உடம்பும்தான். ஹெட்செட்டின் ஆன்டெனா முகத்துக்கு முன்னால் இருக்கிறது, நடுவில் தண்ணீர் நிறைந்த மண்டை.

இன்னொன்றும் தெரிந்தது. ரௌட்டருக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்தால் மைனஸ் 65. அதே முதுகைக் காட்டி, கொஞ்சம் திரும்பி பீரோவைப் பார்த்தால் மைனஸ் 58. இரும்பு பீரோ சிக்னலைத் திருப்பி முகத்துக்கு அடிக்கிறது. எம்ஐடி-யில் 2016-இல் ‘மோவிஆர்’ என்ற பெயரில் இதையேதான் பெரிய அளவில் செய்தார்கள். மில்லிமீட்டர் அலை எனப்படும் மிக உயர் அலைவரிசைக் கதிரை ஹெட்செட்டை நோக்கித் திருப்பிவிடும், மின்னணுவில் இயங்கும் ஒரு கண்ணாடி. அதை வாசித்தபோது ஆய்வகச் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். அதன் எளிய வடிவம் ஒன்று என் அறையிலேயே நின்றுகொண்டிருந்தது. உடனே ஒரு தெர்மக்கோல் அட்டையில் சமையலறை அலுமினியம் ஃபாயிலைச் சுற்றி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். 3, 4 டெசிபல் ஏறியது. செலவு என்று பார்த்தால் ஃபாயில் மட்டும்தான். ரௌட்டரை நகர்த்தவே முடியாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

சுழலும் ஆன்டெனா

இடம் தெரிகிறது என்றதும் யாருக்கும் அடுத்துத் தோன்றுவது ஆன்டெனாவை ஹெட்செட் பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பது. செய்தேன். ரௌட்டரின் ஆன்டெனாக்களில் இரண்டைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு போலரைசேஷன் (ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு அலைத் திசை) உள்ள 5 ஜிகாஹெர்ட்ஸ் பேனல் ஆன்டெனா. அதைத் திருப்ப, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார். சின்ன எஸ்ஜி90 பேனலின் எடைக்கு நடுங்குகிறது, அது வேண்டாம். வைஃபை உள்ள சின்ன ஈஎஸ்பி32 போர்டு ஒன்று யுடிபி-யில் கோணத்தை வாங்கி சர்வோவுக்குக் கொடுக்கும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். போர்டின் யூஎஸ்பி-யிலிருந்தே எடுத்தால், அது திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆகும். ஆன்டெனா வயரை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். இந்த அலைவரிசையில் மெல்லிய வயர் மீட்டருக்கு 2 டெசிபலுக்குக் குறையாமல் தின்றுவிடும்.

இயந்திரம் அழகாக வேலை செய்தது. நான் நடந்த பக்கமெல்லாம் பேனல் திரும்பியது. சிக்னலில்தான் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பேனலை அறையின் நடுவைப் பார்க்க அப்படியே அசையாமல் நிறுத்தினாலும், பெரும்பாலான கட்டங்களில் வித்தியாசம் 1 டெசிபல்; ஓரங்களில் 3. காரணம் எளிது. மூலையிலிருந்து பார்த்தால் விளையாடும் இடம் முழுவதும் 70 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. பேனலின் பார்வையே ஏறக்குறைய 60 டிகிரி. திருப்புவதற்கு என்ன இருக்கிறது? முதுகைக் காட்டும்போது விழும் 16 டெசிபல் பள்ளம் அப்படியே இருந்தது. எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் நடுவில் தலை இருக்கத்தானே செய்கிறது.

60 ஜிகாஹெர்ட்ஸில் இது வேறு கதை. 2018-இல் வந்த, எச்டிசி வைவ் என்ற விஆர் ஹெட்செட்டின் வயர்லெஸ் அடாப்டர் அந்த அலைவரிசையில்தான் ஓடியது. அலைநீளம் 5 மில்லிமீட்டர், கதிர் குறுகல். எங்கே குறிவைப்பது என்பதே அங்கே முக்கியமான கேள்வி. ஆனால் குறிவைப்பது மோட்டாரால் அல்ல, சிப்பிலேயே. 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு படுக்கையறைக்குள் ஆன்டெனாவைச் சுழற்றுவது வீண். இந்தப் பகுதிக்கு மட்டும் பேனல் 1,800, சர்வோ 350, ஈஎஸ்பி32 450, வயர்கள் 500 என்று 3,100 ரூபாய் ஆனது.

எதிர் மூலையில் இன்னொரு ரௌட்டர் வைத்து, முதுகு திரும்பும்போது அதற்கு மாற்றுவதையும் பார்த்தேன். எப்போது மாறுவது என்பதை ஹெட்செட்தான் முடிவு செய்கிறது. விட்டுவிட்டு மறுபடி சேர்வதற்குள் படம் நின்றுவிடும். எந்தக் குறையைப் போக்க வந்தோமோ அதையே பெரிதாக்கும் வழி இது. ஒரே நாளில் கழற்றிவிட்டேன்.

கூரைக்கு ஏற்றியது

வரைபடத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் விடை ஒன்றுதான். தலை மறைக்காத கோணத்திலிருந்து சிக்னல் வரவேண்டும். ஹெட்செட்டின் முன்பக்கத்திலிருந்து உச்சந்தலைக்கு ஸ்கேல் வைத்து அளந்தேன். ஏறக்குறைய 15 செ.மீ. பின்னால், 12 செ.மீ. மேலே. அப்படியென்றால் பின்னாலிருந்து வரும் சிக்னல் கிடைமட்டத்திலிருந்து 40 டிகிரி மேலிருந்து வந்தால் தலையைத் தாண்டிவிடும். லாஃப்டிலிருந்து அது வெறும் 11 டிகிரியில் வந்துகொண்டிருந்தது. கூரையில் மாட்டினால் ரௌட்டருக்கும் கண்ணுக்கும் 1.35 மீட்டர் உயர வித்தியாசம். நேர் கீழிருந்து 1.6 மீட்டர் தூரம்வரை அந்த 40 டிகிரி கிடைக்கும்.

6 மி.மீ. பிட்டில் இரண்டு துளை, பிளக் அடித்து ஸ்க்ரூ, ரௌட்டர் தலைகீழாகத் தொங்கியது. காற்றோட்டத்துக்காகக் கூரைக்கும் ரௌட்டருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டேன். வயரை பிவிசி கேசிங்கில் சுவரோரமாக இறக்கினேன்.

ஆன்டெனாவை மட்டும் பழைய மாதிரி நேராகத் தொங்கவிடக் கூடாது. குச்சி ஆன்டெனா பக்கவாட்டில்தான் வீசும், தன் நுனி காட்டும் திசையில் வீசாது. நேர் கீழே தொங்கவிட்டால் ரௌட்டருக்கு அடியில் நிற்பவருக்குத்தான் சிக்னல் மிகக் குறைவு. நான்கையும் கூரைக்கு இணையாகப் படுக்கவைத்து, இரண்டு கிழக்கு மேற்காக, இரண்டு வடக்கு தெற்காகத் திருப்பினேன். இதற்கு மட்டுமே 5 டெசிபல் வித்தியாசம், ஒரு பைசா செலவில்லாமல்.

வரைபடத்தை மறுபடி எடுத்தேன். முதுகுப் பக்கம் மைனஸ் 53. ஆனால் அறையின் ஒரு பாதியில் மறுபடி அனுப்பும் பாக்கெட் எண்ணிக்கை புரியாத மாதிரி ஏறியிருந்தது. சிக்னல் எண் 6, 7 டெசிபல் மேலும் கீழும் துள்ளியது. ஃபேன்! ஃபேனின் றெக்கை வட்டத்துக்கு ஒரு சாண் வெளியேதான் ரௌட்டரை மாட்டியிருந்தேன். ஃபேனுக்கு அந்தப் பக்கம் நின்றால் சிக்னல் றெக்கைகளை ஊடறுத்துத்தான் வரவேண்டும். நிமிடத்துக்கு 350 சுற்று, மூன்று அலுமினிய றெக்கை. விநாடிக்குப் பதினேழு முறைக்கு மேல் ஒரு தகடு குறுக்கே போகிறது. விநாடிக்கு 10 முறை எடுக்கும் என் லாகில் இந்தத் தாளம் நேரடியாகத் தெரியாது. ஃபேனை ஆன் செய்து ஒரு முறை, ஆஃப் செய்து ஒரு முறை என்று எடுத்து ஒப்பிட்டதில்தான் பிடிபட்டது.

நம் ஊர் வெயிலில் முகத்தில் ஹெட்செட்டைக் கட்டிக்கொண்டு ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது. பிளாஸ்டிக் றெக்கை வைத்த சுவர் ஃபேன் ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கி ஜன்னல் சுவரில் மாட்டினேன். விளையாடும்போது அது மட்டும் ஓடும். இதில் எதிர்பாராத இன்னொரு பயன்: காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்து, ஹெட்செட்டுக்குள் இருக்கும்போதே நிஜ அறையில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. சுவரில் கையை மோதிக்கொள்வது குறைந்திருக்கிறது.

லாஃப்டில் இருந்தபோது 800 பெட்டியில் ஏறக்குறைய 210 மோசம். கூரைக்குப் போய், சீலிங் ஃபேனும் நின்றபின் 30 சொச்சம்.

மீதியைப் பிட்ரேட்டில் பிடித்தது

மிச்சமிருந்த சிவப்புப் பெட்டிகள் ரௌட்டருக்கு எதிர் ஓரத்தில், முதுகைக் காட்டும் திசைகளில் மட்டும். அங்கே சிக்னலை ஏற்ற வழியில்லை. ஆகவே அனுப்பும் படத்தைச் சிறிதாக்கினேன். ஏஎல்விஆரிலேயே பிட்ரேட்டை (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) தானாக ஏற்றி இறக்கும் வசதி உண்டு. ஆனால் தாமதம் கூடியது தெரிந்த பிறகுதான் அது இறக்கும். அதற்குள் படம் உடைந்திருக்கும். நமக்கோ, தலை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும்.

ஏஎல்விஆரின் சர்வர் பக்கம், அதாவது பிசியில், பிட்ரேட்டை முடிவு செய்யும் பகுதி ரஸ்ட் என்ற நிரல்மொழியில் இருக்கிறது. அங்கே என் வரைபடத்தைப் படிக்கும் சில வரிகளைச் சேர்த்தேன். இப்போதைய திசையோடு கோண வேகத்தை 0.15 விநாடியால் பெருக்கிக் கூட்டினால், இன்னும் கொஞ்ச நேரத்தில் தலை இருக்கப்போகும் திசை கிடைக்கும். விநாடிக்கு 200 டிகிரி வேகத்தில் திரும்பினால் 30 டிகிரி முன்கூட்டி. அந்தப் பெட்டி சிவப்பு என்றால் 150-ஐ 70-க்கு இறக்கிவிடு. இறக்குவது உடனே நடக்க வேண்டும். ஏற்றுவது நிதானமாக, அரை விநாடிக்கு ஒரு படியாக நடக்க வேண்டும். இரண்டையும் உடனுக்குடன் செய்தால் பெட்டியின் எல்லையில் நிற்கும்போது படம் தெளிவாவதும் மங்குவதுமாகக் கண்ணை உறுத்தும்.

0.15 என்பதைக் கையால் மாற்றி மாற்றிப் பார்த்துதான் பிடித்தேன். 0.05 போதவில்லை, 0.3 வைத்தால் லேசாகத் தலையாட்டியதற்கெல்லாம் பிட்ரேட் இறங்குகிறது. 70 எம்பிபிஎஸ்-இல் படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் வேகமாகத் திரும்பும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. உறைவது நின்றுவிட்டது.

சானல் (வைஃபை ஓடும் அலைவரிசைத் தடம்) பற்றி ஒரு வரி. 36-இல் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நெரிசல், 149-க்குப் போனேன். வரைபடம் எடுத்தபின் சானலை மாற்றினால் மறுபடி எடுக்க வேண்டும். அலைநீளம் மாறும்போது பீரோவிலிருந்து திரும்பும் சிக்னல் சேர்வதும் அழிவதும் இடம் மாறுகிறது. பீரோவை நகர்த்தினாலும் அப்படித்தான்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் முதல் வேலையாகக் கூரையில் துளை போடுவேன். பயன்பட்ட செலவு வயர், கேசிங், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள், சுவர் ஃபேன் 1,800. வரைபடம் எடுக்காமலேயே கூரைக்கு ஏற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். ஏற்றியிருக்கலாம், ஆனால் ஃபேனைக் கண்டுபிடித்திருக்க முடியாது, கடைசி 30 பெட்டிக்கும் வழி இருந்திருக்காது.

இன்னும் பாக்கி ஒன்று இருக்கிறது. ரௌட்டர் மேலே போனதால் புது மறைப்பு வந்திருக்கிறது. தரையில் கிடப்பதை எடுக்கக் குனிந்தால் தலையின் பின்பக்கம் கூரையைப் பார்க்கிறது, ஹெட்செட் அதன் நிழலுக்குள் போய்விடுகிறது. என் வரைபடத்தில் குனிவதற்கும் நிமிர்வதற்கும் கணக்கே இல்லை. மூன்று நிலை சேர்த்தால் 800 பெட்டி 2,400 ஆகும், அத்தனையையும் நின்று குனிந்து அளக்க இடுப்பு தாங்காது. எல்லாக் கட்டத்திலும் அளக்காமல் சில கட்டங்களில் அளந்து மீதியைக் கணக்கில் நிரப்ப முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை, பார்வை 45 டிகிரிக்குக் கீழே போனால் பிட்ரேட்டை 90-க்கு இறக்கு என்ற ஒரே ஒரு வரியை மேலே போட்டு ஓட்டுகிறேன்.